சகப்பிழைப்பு

அந்தோணிசாமி சாரின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆள் மேற்குத் தாம்பரத்தில் ஒருத்திதான் உண்டு. அவள் லோகநாயகி. முடிச்சூர் ரோட்டில் சம்பத் நடத்திவந்த அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிவரியாகக் கோத்து, பக்கமாகக் கட்டுவது அவள் வேலை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கூழ் ஊற்றும் நோட்டீஸ், கட்சி மாநாட்டு நோட்டீஸ் என்று எட்டு வருஷமாகக் கோத்துக் கை பழகியிருந்தது. எழுதிக் கொடுப்பவர்கள் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது 'சுற்றமும் நட்பும் சூழ' அண்ணா" என்று சொல்லிவிடுவாள். சம்பத் வாயைப் பிளப்பார். கல்யாணப் பத்திரிகையில் அடுத்த வார்த்தை என்ன வரும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

வேதியியல் அப்படிப்பட்டதில்லை.

எண்பத்தாறாம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு நாள், அந்தோணிசாமி சார் பச்சை மையால் எழுதிய பெரிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். செம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகையில் டுடோரியல் நடத்திவந்தார் அவர். அங்கே படித்தவர்கள் எல்லாரும் ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்து, தாவரவியலிலும் விலங்கியலிலும் நல்ல மார்க் வாங்கி, வேதியியலில் மட்டும் கோட்டைவிட்டவர்கள். தவளையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அறுப்பார்கள். செம்பருத்திப்பூவின் உள்ளுறுப்புகளைத் தூக்கத்தில் ஒப்பிப்பார்கள். அணு என்று சொன்னால் அழுகை வந்துவிடும். கணக்குக்குப் பயந்து உயிரியல் பக்கம் ஓடிவந்த கூட்டத்தை வேதியியல் வழியில் மடக்கிப் பிடித்துக்கொண்டது என்று சார் சொல்லுவார்.

அவர்களுக்காகத்தான் 'உயிரியல் மாணவருக்கு எளிய வேதியியல்' என்ற கைடை அவர் எழுதினார். செப்டம்பர் கடைசியில் பரீட்சை. ஆகஸ்ட் பாதிக்குள் புத்தகம் மாணவர்கள் கையில் இருக்க வேண்டும்.

நோட்டைப் புரட்டிய லோகநாயகிக்குத் தலை சுற்றியது. சாரின் கையெழுத்தில் ண, ழ, ன மூன்றும் ஒரே கொக்கிதான். கொக்கி கொஞ்சம் பெரியதாக இருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். சின்னதாக இருந்தால் அது கமா.

"படிக்க வருதாம்மா?" என்றார் சார்.

"பழகிக்கிறேன் சார்" என்றாள்.

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். ஒரு பாரம் கோத்து முடித்ததும் புரூஃப் எடுப்பார்கள்; சார் திருத்திக் கொடுப்பார்; பிறகு அச்சுக்குப் போகும். முதல் இரண்டு பாரமும் அப்படித்தான் போயின. தனிமங்களும், அணுக்கருவும், அதைச் சுற்றும் எலக்ட்ரான்களும் அவற்றில் இருந்தன. அவள் சந்தேகப்பட்ட இடங்களில் சார் பச்சை மையில் சரிசெய்தார். அந்தத் திருத்தங்களை வாசிக்க அவள் தனியாக அரை மணிநேரம் செலவழித்தாள்.

மூன்றாவது பாரம் வரும்போது சாருக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது.

அந்த ஆகஸ்டில் தாம்பரத்தில் பாதிப் பேர் கண் சிவந்து கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார்கள். முந்தின வருஷம் அச்சகத்தில் ஒருவருக்கு வந்து, மொத்த அச்சகமும் ஒரு வாரம் மூடிக் கிடந்ததைச் சம்பத் மறக்கவில்லை. சார் தெருமுனையில் தெரிந்ததுமே வாசலுக்கு ஓடி இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"சார், அங்கேயே நில்லுங்க! எதிர்ப்பக்கமே நில்லுங்க! கோச்சுக்காதீங்க!"

சார் ரோட்டின் அந்தப் பக்கம், சைக்கிள் கடை ஓரமாக நின்றார். நடுவில் பல்லவன் பஸ் ஒன்றும் மணல் லாரி இரண்டும் போகும்வரை காத்திருந்து, கையை வாய்க்கு முன் குவித்துக் கத்தினார்.

"லோகநாயகி! மூணாவது பாரத்துக்கு நீயே புரூஃப் பாத்துடும்மா! என்னால ஒரு எழுத்துகூடப் பாக்க முடியல!"

"எனக்கு கெமிஸ்ட்ரி தெரியாதே சார்!"

"தெரிய வேணாம்! நோட்ல என்ன இருக்கோ அப்படியே போடு! நீயா எதையும் மாத்தாத!"

அப்படியே போட்டாள். தலைப்பிலேயே ஆரம்பித்தது.

'வேதிப்' என்பது தெளிவாக இருந்தது. அடுத்த சொல்லில் பி இருந்தது, கடைசியில் ப்பு இருந்தது, நடுவில் ஒரு கொக்கி இருந்தது. லோகநாயகி நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணா, இது இன்னா? பிழைப்புன்னுதானே கீது?"

சம்பத் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பிழைப்புதான். வேதிப் பிழைப்பு."

"அணுவுக்கு இன்னா அண்ணா பொழப்பு?"

"உனக்கும் எனக்கும் இருக்குதில்ல? அதுக்கும் இருக்கும். அவரு படிச்சவரு, சும்மாவா எழுதுவாரு?"

முதல் பத்தியைக் கோத்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சம் சந்தேகமும் போய்விட்டது. 'வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்த அணு நிலையாக இருக்கும். அவ்வாறு நிறையாத அணுக்கள் பிழைப்பின் மூலமே நிலைத்தன்மை பெறுகின்றன.' சரிதானே என்று நினைத்தாள். வீட்டில் எல்லாம் நிறைந்திருப்பவன் எதற்கு வெளியே போகிறான்? ஹீலியம், நியான், ஆர்கான் என்று சில வாயுக்கள் யாரோடும் சேராது என்று சார் எழுதியிருந்தார். பங்களா வீட்டுக்காரர்கள், கேட்டைத் திறக்க மாட்டார்கள். மற்றதெல்லாம் நம்மைப்போல, காலையில் எழுந்து ஓட வேண்டியதுதான்.

அடுத்த பக்கத்தில் உப்பு வந்தது. சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். அது இருந்தும் தொல்லைதான். குளோரினுக்கு ஏழு இருக்கிறது, ஒன்று குறைகிறது. இது அதைக் கொடுத்துவிடுகிறது, அது வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது நேர்மின் ஆகிறது, வாங்கியது எதிர்மின் ஆகிறது, இரண்டும் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. அயனிப் பிழைப்பு. லோகநாயகிக்குக் கை தானாக ஓடியது. வழக்கமாக எழுத்தைத்தான் பார்ப்பாள், பொருளைப் பார்க்க மாட்டாள். பொருளைப் பார்த்தால் வேகம் குறையும் என்பது தொழிலில் முதல் பாடம். அன்று பொருளைப் பார்த்தாள், வேகமும் குறையவில்லை.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் சகப்பிழைப்பு வந்தபோது அவள் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பிறந்த ஊர் கோவளம். அப்பா துரையிடம் பாதி வலைதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் மீதிப் பாதி. பாதி வலையை வைத்துக்கொண்டு எந்த மீனையும் பிடிக்க முடியாது. இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கடலில் இறக்கினால் முழு வலை. அது இறங்கியிருக்கும்வரை இரண்டு பேருக்குமே முழு வலைதான் சொந்தம். 'இரு அணுக்களும் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானை அளித்து, அந்த ஜோடியை இருவரும் பங்கிட்டுக்கொள்வது சகப்பிழைப்பு எனப்படும்' என்று சார் எழுதியிருந்ததைக் கோத்துவிட்டு, "இத்தத்தானே எங்கப்பாவும் பண்ணாரு" என்று வாய்விட்டே சொன்னாள். கார்பனுக்கு நான்கு எலக்ட்ரான் குறைகிறது, அதனால் நான்கு பேரோடு கூட்டு வைத்துக்கொள்ளும் என்று வந்ததும், கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷன் ஜெயவேலு ரசத்தை வாயில் வைத்துவிட்டு, "உப்பு கம்மியா கீது" என்றான். பல்லாவரத்தில் தோல் ஷெட்டில் வேலை செய்பவன். நாள் முழுக்க உப்போடு புழங்குகிறவன்.

"உப்புன்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்றாள் லோகநாயகி.

"உப்புன்னா உப்பு."

"இல்ல. ஒருத்தன் கொடுத்துட்டுப் பொழைக்கிறான், ஒருத்தன் வாங்கினு பொழைக்கிறான். ரெண்டு பேரையும் தனியா துன்னா செத்துருவோம். சோடியத்தத் தண்ணில போட்டா வெடிக்குமாம். குளோரின் விஷக் காத்தாம். ரெண்டும் சேந்தா ரசத்துல போடலாம்."

ஜெயவேலு ரசத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "கொஞ்சம் கம்மியாவே இருக்கட்டும்" என்று சாப்பிட்டு முடித்தான்.

பாரம் அச்சேறியது. புத்தகம் தைத்து, ஒட்டி, ரோஸ் நிற அட்டையோடு செம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. அறுபத்திரண்டு மாணவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். சாருக்குக் கண் தெளிய இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. தெளிந்த அன்று காலையில் காப்பியோடு உட்கார்ந்து தன் முதல் புத்தகத்தை ஆசையாகப் புரட்டியவர், முப்பத்து மூன்றாம் பக்கத்தில் காப்பியைக் கீழே வைத்தார்.

அரை மணியில் அச்சகத்துக்கு வந்துவிட்டார். இந்த முறை சம்பத்தால் மறிக்க முடியவில்லை.

"நாப்பத்தியோரு இடம்!" என்றார் சார். மூச்சு வாங்கியது. "நாப்பத்தியோரு இடத்துல பிழைப்பு! 'கார்பனின் பிழைப்பு மிகவும் வலுவானது.' 'இரட்டைப் பிழைப்பு.' 'பிழைப்பு முறிந்தால் ஆற்றல் தேவைப்படும்.' இது கெமிஸ்ட்ரி புக்கா, வேலைவாய்ப்புச் செய்தியா?"

லோகநாயகிக்கு உடனே புரியவில்லை. "இன்னா சார் தப்பு?"

"பிணைப்பும்மா! பிணைப்பு! பாண்ட்! ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சிருக்கிறது!"

எட்டு வருஷத்தில் அவள் கோத்த எதிலும் யாரும் இப்படி வந்து நின்றதில்லை. முகம் சூடாகிவிட்டது. ஆனால், செய்யாத தப்பை ஒத்துக்கொள்கிற வழக்கம் அவளிடம் இல்லை. பரணிலிருந்து பச்சை மை நோட்டை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டி, ஒரு காகிதத்தால் மேலும் கீழும் மறைத்து, ஒரே ஒரு சொல்லை மட்டும் வெளியே விட்டு அவர்முன் நீட்டினாள்.

"இது இன்னான்னு நீங்களே படிங்க சார்."

சார் குனிந்தார். கண் இன்னும் லேசாகச் சிவந்துதான் இருந்தது. "பிழை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். நோட்டைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். அதிலும் அதே கொக்கி. சம்பத் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க ஸ்கூல்ல தமிழ் வாத்தியார் அப்பவே சொன்னாரு" என்று சார் மெதுவாகச் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "பரவாயில்ல. ஆனா, பசங்க பரீட்சைல சகப்பிழைப்புன்னு எழுதிட்டு வந்தா என்னம்மா பண்றது? பேப்பர் திருத்தறவன் சிரிப்பான். அப்புறம் முட்டை போடுவான்."

அந்தப் பாரத்தின் எழுத்துகளையெல்லாம் எப்போதோ கலைத்துப் பெட்டியில் போட்டாயிற்று. பதினாறு பக்கத்தையும் மறுபடி கோத்து அச்சடிக்க நேரமும் இல்லை, காகிதமும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டு அடித்துப் புத்தகங்களில் ஒட்டிவிடலாம் என்று லோகநாயகிதான் சொன்னாள். அவளே கோக்க உட்கார்ந்தாள். துண்டுச் சீட்டில் வழக்கம்போல இரண்டு தலைப்பு: இடது பக்கம் 'பிழை', வலது பக்கம் 'திருத்தம்'. பிழைக்குக் கீழே 'பிழைப்பு' என்று கோத்தாள். திருத்தத்துக்குக் கீழே 'பிணைப்பு'.

புரூஃபைப் பார்த்த சம்பத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிழை, பிழைப்பு! நல்லாத்தான் கீது! என் கதையும் அதான்!"

லோகநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிடுவதில் அவளுக்கு ஏதோ மனசே இல்லை. அது ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீட்டுக் கட்டையும் ஒரு டப்பா மைதாப் பசையையும் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறிக் கிழக்குப் பக்கம் இறங்கி, பஸ் பிடித்துச் செம்பாக்கம் போனாள். கொட்டகையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சார் விஷயத்தைச் சொல்லி, எல்லாரையும் முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் இருந்தவள் கிளியம்மாள். செம்பாக்கத்துப் பெண்தான். நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள். வேதியியலில் இரண்டு முறை தவறியவள். லோகநாயகி பசையோடு நெருங்கியதும் புத்தகத்தை மூடி மார்போடு வைத்துக்கொண்டாள்.

"வோணாம்க்கா. என்துல ஒட்டாதீங்க."

"ஏம்மா? தப்பா அச்சாயிருக்கு."

"ரெண்டு வருஷமா பிணைப்பு பிணைப்புன்னு படிச்சேன்க்கா. ஒரு எழவும் மண்டைல ஏறல. இந்தப் புக்குலதான் முதல் தடவையா புரிஞ்சுது. இப்ப வந்து தப்புன்றீங்களே?"

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "ஆமா சார், பொழப்புதான் சார் ஈஸியா கீது" என்றது. கொட்டகை முழுக்க ஒரு முனகல் எழுந்தது.

சாருக்குக் கோபம் வந்தது. "என்ன புரிஞ்சுது? வா, வந்து போர்டுல சொல்லு. மீத்தேன்."

கிளியம்மாள் புத்தகத்தைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தாள். சாக்பீஸை வாங்கி நடுவில் ஒரு C போட்டாள். "இவன் வெளிக்கூட்டுல நாலுதான் சார் கீது. இன்னும் நாலு வேணும். யாரும் சும்மா குடுக்க மாட்டாங்க, இவனும் நாலையும் வுட்டுக் குடுக்க மாட்டான். அதனால கூட்டு. ஹைட்ரஜன் ஆளுக்கு ஒண்ணு எடுத்தாரான், இவன் ஒண்ணு எடுத்துவைக்கிறான். ஜோடி ரெண்டு பேருக்கும் சொந்தம். இப்ப இவனுக்கு எட்டு ஆயிருச்சு, ஹைட்ரஜனுக்கு ரெண்டு போதும், அவனுக்கும் நிறைஞ்சிருச்சு." நாலு பக்கமும் நாலு H போட்டு, நடுவில் எட்டுப் புள்ளிகளை வைத்தாள். ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சார் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். போன வருஷம் இதே போர்டில் இவள் கார்பனுக்கு ஏழு கை வரைந்தது அவருக்கு நினைவிருந்தது.

"சரி, உப்பு சொல்லு."

"சோடியம் ஒண்ணு குடுத்துருவான். குளோரின் வாங்கிப்பான். ரெண்டு பேரும் ஜோடியா இருப்பாங்க." Na, Cl என்று எழுதி, இரண்டையும் சுற்றி ஒரு வீடு வரைந்தாள். கதவும் வைத்தாள்.

"மாட்டிக்கிட்டியா!" என்றார் சார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. "இதுதான் பிழைப்புன்னு போட்டதால வந்த வினை. புருஷன் பொண்டாட்டின்னு நினைச்சுட்ட. உப்புல ஜோடியே கிடையாது."

"ஜோடி இல்லாம எப்படி சார்?"

சார் டஸ்டரை எடுத்து அந்த வீட்டை அழித்துக்கொண்டிருந்தபோது, பசை டப்பாவோடு நின்றிருந்த லோகநாயகி வாயைத் திறந்தாள். "கேளம்பாக்கத்துல உப்பளத்த தாண்டித்தான் எங்க ஊருக்குப் போவணும். மலையாட்டம் குவிச்சு வெச்சிருப்பாங்க. அதுல எவன் எவனுக்கு ஜோடின்னு எப்படி சொல்றது?"

சார் அவளைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "எல்லாரும் வெளிய வாங்க" என்றார்.

வெளியே குவிந்து கிடந்த செருப்புகளில் ரப்பர் செருப்பையெல்லாம் சோடியம் என்றார், தோல் செருப்பையெல்லாம் குளோரின் என்றார். ஒரு ரப்பர், ஒரு தோல், ஒரு ரப்பர், ஒரு தோல் என்று வரிசையாக வைக்கச் சொன்னார். அடுத்த வரிசையை மாற்றி, தோலில் ஆரம்பித்து வைக்கச் சொன்னார். தோல் செருப்பு பற்றாமல் போய் அவருடைய ஷூவும் குளோரினாக வேண்டியிருந்தது. அரை மணிநேரத்தில் கொட்டகை வாசலில் சதுரங்கப் பலகைபோலச் செருப்பு பரவியது.

"நடுவுல இருக்கே, அந்த நீல வார் ரப்பர் செருப்பு. அதைச் சுத்தி யாரு?"

"முன்னாடி தோல், பின்னாடி தோல், ரெண்டு பக்கமும் தோல்" என்றாள் கிளியம்மாள்.

"மேல ஒரு அடுக்கு, கீழ ஒரு அடுக்கு வெச்சா?"

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மொத்தம் ஆறு."

"அந்த ஆறுல அதுக்கு யாரு ஜோடி?"

கிளியம்மாள் செருப்புகளைச் சுற்றி ஒரு முறை நடந்துவந்தாள். "யாரும் இல்ல சார். எல்லாருமேதான்."

"எலக்ட்ரானை யாருக்குக் குடுத்தோமோ அவனோடதான் இருக்கணும்னு கட்டாயமே இல்ல. ப்ளஸ் எல்லா மைனஸையும் இழுக்கும். மைனஸ் எல்லா ப்ளஸையும் இழுக்கும். அதான் உப்புக்கல்."

எல்லாரும் உள்ளே போகத் திரும்பியபோது லோகநாயகி நகரவில்லை. கோக்கும்போதே உறுத்திய ஒன்று அவளிடம் இருந்தது. இன்று கேட்காவிட்டால் இனி கேட்க முடியாது என்று தோன்றியது.

"சார், நாப்பத்தாறாம் பக்கம். ஹைட்ரஜன் பிழைப்புன்னு ஒண்ணு வருதே. அதுல குடுக்கறதும் இல்ல, பங்கு போடறதும் இல்ல. அப்பால அது எப்படிப் பொழப்பாவும்? எனக்கு அங்கதான் ஒதைச்சுது."

சார் நின்றார். "இதை யாராவது கேப்பாங்களான்னு பதினஞ்சு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்" என்றார், அறுபத்திரண்டு பேரையும் ஒரு முறை முறைத்துவிட்டு. அந்த இடத்திலேயே தரையில் குச்சியால் வரைந்தார். தண்ணீரில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆனால் பங்கு சமமில்லை. ஆக்சிஜன் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. அதனால் அதற்கு லேசான மைனஸ், ஹைட்ரஜனுக்கு லேசான ப்ளஸ். இந்தத் தண்ணீரின் லேசான ப்ளஸ் பக்கத்துத் தண்ணீரின் லேசான மைனஸைப் பார்த்ததும் போய் ஒட்டுகிறது. பலமான ஒட்டு இல்லை. விட்டு விட்டுச் சேரும்.

"ஐஸ் ஆகும்போது மட்டும் எல்லாம் அசையாம கையை நீட்டிப் பிடிச்சுக்கும். கை நீட்டினா இடம் அதிகம் வேணும்ல? அதனாலதான் ஐஸ் தண்ணியைவிட லேசு. மிதக்குது."

"மீன் பொட்டில பாத்துகீறேன்" என்றாள் லோகநாயகி. "உருகின தண்ணில கட்டி மேலதான் நிக்கும்." தரையில் இருந்த கோடுகளைக் குனிந்து பார்த்தாள். "அப்போ இது பொழப்பு இல்ல சார். ஒரே பஸ்ல பக்கத்துல உக்காந்துகினு வரமாதிரி. சேந்துகினு கீதுங்க, அவ்ளோதான். இதுக்கு உங்க வார்த்தைதான் சரி. பிணைப்பு."

சார் எதுவும் சொல்லுமுன் கிளியம்மாள் கத்தினாள். "சார்! டிஎன்ஏ!"

"என்ன டிஎன்ஏ?"

"ரெண்டு இழைக்கும் நடுவுல ஹைட்ரஜன் பிணைப்புன்னு விலங்கியல்ல மனப்பாடம் பண்ணியிருக்கேன் சார். செல் பிரியறப்போ ரெண்டு இழையும் ஜிப்பு மாதிரி பிரியும்னும் படிச்சிருக்கேன். எப்படிப் பிரியும்னு யாரும் சொல்லல. நடுவுல கூட்டு வெச்சிருந்தா பிரியவே பிரியாதே! லேசா ஒட்டினதாலதான் பிரியுது! ஒவ்வொரு இழையும் தனக்குள்ள கூட்டு வெச்சிருக்கு, அதனால அது மட்டும் அறுந்துபோகல!"

சொல்லி முடித்துவிட்டு அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருஷமாக இரண்டு தனித்தனிப் புத்தகத்தில் இருந்தது ஒன்றாகிவிட்ட அதிர்ச்சி அது. சார் குச்சியைக் கீழே போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெட்ராஸ் ஐ இன்னும் முழுசாகப் போகவில்லை என்று பக்கத்தில் நின்ற பையனிடம் சொன்னார்.

உள்ளே போனதும் கிளியம்மாளே புத்தகத்தை நீட்டினாள். "ஒட்டுங்கக்கா."

சீட்டு ஒட்டி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. சார் கடைசியாகப் போர்டில் பெரிதாக எழுதினார், ஒவ்வோர் எழுத்தையும் நின்று நிதானித்து, ண-வுக்கு மூன்று சுழியும் போட்டு: மனசுல பிழைப்பு, பேப்பர்ல பிணைப்பு. எல்லாரையும் நூறு முறை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதன்பிறகு வெளியே ஒரே பேஜார். யாருக்கும் ஜோடிச் செருப்பு லேசில் கிடைக்கவில்லை. சதுரங்கப் பலகையைக் கலைத்துத் தேடித் தேடி, நாலு பேர் மாற்றுச் செருப்போடு வீட்டுக்குப் போனார்கள். லோகநாயகி ஒரு கால் ரப்பரும் ஒரு கால் தோலுமாகப் பஸ் ஏறினாள்.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வந்தபோது மழைக்காலம். அறுபத்திரண்டு பேரில் ஐம்பத்து மூன்று பேர் தேறியிருந்தார்கள். கிளியம்மாள் வேதியியலில் வாங்கிய மார்க்கை அச்சகத்துக்கே வந்து, நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே, லோகநாயகியிடம் சொல்லிவிட்டுப் போனாள். விலங்கியலைவிட இரண்டு அதிகம். பின்பெஞ்சுப் பையன் ஒருவன் பழக்கத்தில் மூன்று இடத்தில் பிழைப்பு என்றே எழுதிவிட்டு வந்திருந்தான். அவனும் பாஸ். திருத்தியவர் என்ன நினைத்துக்கொண்டாரோ தெரியாது.

தேறாத ஒன்பது பேருக்காக சார் அடுத்த புத்தகத்தை ஆரம்பித்தார். அமிலமும் காரமும். டிசம்பரில் ஒரு நாள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து, புது நோட்டை மேஜைமேல் வைத்தார். அதே பச்சை மை. அதன்மேல் ஒரு சிவப்புப் பென்சிலையும் வைத்தார்.

"கம்போஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடும்மா. எழுத்துக்காக இல்ல, விஷயத்துக்காக. உனக்குப் புரியாத இடத்துல எல்லாம் கோடு போடு. நான் மாத்தி எழுதித் தரேன்."

"நானா சார்? நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன்."

"அதான் கேக்கறேன்."

லோகநாயகி கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். முதல் வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். பென்சிலை எடுத்துக் கோடு போட்டாள்.

"முதல் வரியிலேயேவா?" என்றார் சார்.

"ஆமா சார். அமிலம் புரோட்டானைக் குடுக்கும்னு போட்டுகீறீங்க. புரோட்டான் நடுவுல அணுக்கருவுல இல்ல இருக்குது? அத்த எப்படி எடுத்துக் குடுக்கும்?"

சார் குடையை மூலையில் சாத்தினார். சம்பத்திடம் ஒரு ஸ்டூல் கேட்டார்.

"டீ சொல்லுங்க" என்றார். "கொஞ்சம் நேரம் ஆகும்."